கோயிந்த்வால் சாஹிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமிர்தசரஸ் வரை போய்ப் பொற்கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் ஆட்களில் பலர் கோயிந்த்வால் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அமிர்தசரஸ் நகரத்துக்கான ஏற்பாடு தொடங்கியதே கோயிந்த்வாலில்தான். சாதி பாராத பந்தி, ஆண்டுத் திருவிழா, ஊர் ஊராகப் போதனை செய்த அமைப்பு என இன்று சீக்கிய வாழ்க்கை என்றதும் நினைவுக்கு வரும் பலவும் ஒழுங்குக்கு வந்தது பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சின்ன ஊரில். போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

கோயிந்த்வால் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

பஞ்சாபில் தரன் தாரன் மாவட்டத்தில், பியாஸ் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. அமிர்தசரஸிலிருந்து ஐம்பது கி.மீ.க்குள்தான். முதலில் தரன் தாரன், அங்கிருந்து இன்னும் 23 கி.மீ. பஸ் உண்டு, டாக்சியும் கிடைக்கும். டெல்லி வரை போய் ரயிலிலோ விமானத்திலோ அமிர்தசரஸ் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் ஒரு ராத்திரி தங்கினால்தான் ஊர் பிடிபடும் என்பது என் கருத்து.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

கோயிந்தா என்று ஒரு வியாபாரி. ஆற்றங்கரையில் அவருக்கு நிலம் இருந்தது. டெல்லியிலிருந்து லாகூர் போகும் பெருவழி பியாஸைக் கடக்கும் படகுத்துறை அங்கேதான். நல்ல இடம், ஊர் அமைத்தால் செழிக்கும். ஆனால் பேய் நடமாட்டம் இருக்கிறது என்று சொல்லி யாரும் குடிவர மறுத்தார்கள். கோயிந்தா பக்கத்து ஊரான கதூரில் இருந்த இரண்டாவது குரு அங்கத்திடம் போய் முறையிட்டார். குரு தன் சீடர் அமர் தாஸை அனுப்பினார். அமர் தாஸ் முன்னின்று ஊரை அமைத்து, நிலம் தந்தவர் பெயரையே ஊருக்கும் வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

அந்தப் படகுத்துறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு நடந்த நல்லதிலும் கெட்டதிலும் அதற்குப் பங்கு உண்டு.

குரு அமர் தாஸ் யார்?

சீக்கியர்களின் மூன்றாவது குரு. 1479-ல் அமிர்தசரஸுக்குப் பக்கத்தில் உள்ள பாசர்கே கிராமத்தில் பிறந்தவர். வைணவ பக்தர், ஹரித்வாருக்கு யாத்திரை போய்வந்துகொண்டிருந்தவர். ஒரு விடியற்காலையில் தன் தம்பி வீட்டு மருமகள் பீபீ அம்ரோ பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அது குரு நானக்கின் பாடல். அம்ரோ குரு அங்கத்தின் மகள். அவரைக் கூட்டிக்கொண்டே கதூர் போய் குரு அங்கத்தைப் பார்த்தார். அப்போதே அவருக்கு அறுபது வயது. குருவோ அவரைவிட வயதில் இளையவர்.

அதற்குப் பிறகு சுமார் பன்னிரண்டு ஆண்டுகள், குரு குளிப்பதற்காக விடியும் முன்னே பியாஸ் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தார். ஒருநாள் இருட்டில் ஒரு நெசவாளியின் தறிக்குழி முளையில் கால் இடறி விழுந்தார். சத்தம் கேட்டு எழுந்த நெசவாளியின் மனைவி, "போக்கிடம் இல்லாத அந்த அம்ருவாகத்தான் இருக்கும்" என்றாளாம். அம்ரு என்றது அமர் தாஸை. போக்கற்றவர்களுக்கெல்லாம் இவரே போக்கிடம் என்று குரு அங்கத் சொல்லி, 1552-ல் தன் பீடத்தை அவருக்குக் கொடுத்தார். பதவி ஏற்கும்போது அமர் தாஸுக்கு வயது 73.

குரு அங்கத்தின் மகன் தாத்துவுக்கு இது பிடிக்கவில்லை. கோயிந்த்வாலுக்கு வந்து, சபையில் உட்கார்ந்திருந்த கிழவரைக் காலால் உதைத்தான். குரு அமர் தாஸ் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "என் எலும்பு முற்றிப்போன எலும்பு, உன் காலுக்கு வலித்திருக்குமே" என்று கேட்டார். சீக்கியக் குழந்தைகள் சிறுவயதிலேயே கேட்கும் கதை இது. பிறகு அவர் யாரிடமும் சொல்லாமல் பாசர்கே போய் ஓர் அறைக்குள் அடைந்துகொண்டார். மூத்த சீடர் பாபா புட்டா தேடிப் போய், கதவைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்ததால் சுவரில் துளை போட்டு உள்ளே நுழைந்து, அவரை மறுபடி அழைத்து வந்தார்.

1574-ல் தன் 95-ஆம் வயதில் கோயிந்த்வாலிலேயே மறைந்தார். குருவாக அவர் செய்த பெரிய வேலைகள் எல்லாம் 73 வயதுக்கு மேல் நடந்தவை.

பாவ்லி சாஹிப் என்பது என்ன?

பாவ்லி என்றால் படிக்கிணறு. இந்த ஊருக்கு ஆட்கள் வருவதற்கு முதல் காரணம் இதுதான். 1550-களில் குரு அமர் தாஸ் வெட்டுவித்தது. மொத்தம் 84 படிகள்.

வெளியிலிருந்து பார்த்தால் குவிமாடத்தோடு கூடிய சாதாரண குருத்வாரா வளாகம் போலத்தான் தெரியும். வளைவு வாசலுக்குள் நுழைந்தால் படிக்கட்டு நேராக நிலத்துக்கு அடியில் இறங்குகிறது, மேலே கூரை மூடியிருக்கிறது. வாசலில் பழைய சுவர் ஓவியங்கள் உண்டு, அவசரப்படாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். படிக்கட்டின் அகலத்தில் பாதி பெண்களுக்கென்று தடுக்கப்பட்டிருக்கிறது. இறங்க இறங்க வெயில் பின்னுக்குப் போய்க் காற்று குளிர்கிறது. இரண்டு ஓரத்திலும் சின்னப் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் ஈரத் துணியோடு. கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர். கால் ஊன்றிப் போங்கள், வழுக்கும்.

கிணறு வெட்டியபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. கடைசியில் பாறை குறுக்கிட்டது. உடைத்தால் தண்ணீர் பீறிட்டு வரும், உடைப்பவர் பிழைப்பது கஷ்டம். மாணக் சந்த் என்ற சீடர் இறங்கி உடைத்தார், தண்ணீரில் மூழ்கிப்போனார், குருவின் அருளால் மீண்டார் என்பார்கள்.

ஆறு பக்கத்திலேயே இருக்கும்போது கிணறு எதற்கு?

நியாயமான கேள்வி. ஊரில் தண்ணீருக்குத் தகராறு இருந்தது, சீக்கியர்கள் தண்ணீர் எடுத்து வரும்போது குடங்களை உடைத்தார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அது ஒரு காரணம். என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம், எல்லாச் சாதியும் ஒரே படியில் இறங்கி ஒரே தண்ணீரில் கை வைக்கும் கிணறு அந்தக் காலத்தில் வேறு எங்கும் சுலபமாகக் கிடைத்திருக்காது என்பது. யார் எந்தக் கிணற்றில் இறங்கலாம் என்று ஊர் கட்டிவைத்திருந்த நாட்டில், அந்தக் கேள்விக்கே இடம் இல்லாத ஒரு கிணற்றை அவர் வெட்டினார். நம்மில் பலருக்கு அதன் கனத்தை விளக்கத் தேவையில்லை.

சாதிப் பெருமை பேசாதே, உலகம் முழுக்க ஒரே மண், குயவன் அதில் பலவிதப் பாண்டம் வனைகிறான் என்று அவர் பாடியது சீக்கியர்களின் வேதமான குரு கிரந்த் சாஹிபில் இருக்கிறது. பாடலில் சொன்னதைத்தான் கிணற்றில் செய்து காட்டினார்.

84 படியிலும் ஜப்ஜி சொன்னால் மோட்சம் என்கிறார்களே, உண்மையா?

வழக்கம் இதுதான்: தண்ணீரில் முழுக்குப் போட்டு, ஒரு படியில் உட்கார்ந்து குரு நானக்கின் ஜப்ஜி பிரார்த்தனையை முழுதாகச் சொல்ல வேண்டும். பிறகு திரும்ப இறங்கி முழுக்கு, அடுத்த படி, மறுபடி ஜப்ஜி. இப்படி 84 தடவை. எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதம் என்று நம் பக்கத்திலும் சொல்கிறார்களே, அந்தப் பிறவிச் சுழலிலிருந்து விடுபடலாம் என்பது நம்பிக்கை.

ஜப்ஜியில் 38 பத்திகள் இருக்கின்றன. வேகமாகச் சொன்னாலும் ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் 84 தடவைக்கு ஒரு நாள் பகலும் ராத்திரியும் போதாது. அதையும் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரில் இறங்கி ஏறி அதைச் செய்கிறவர்களின் உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் சீக்கியர்களிலேயே பலர் இதை எண்ணிக்கைக் கணக்காக எடுத்துக்கொள்வதை ஏற்பதில்லை. அவர்கள் காட்டும் ஆதாரமும் குரு அமர் தாஸின் பாடல்தான். ஆனந்த் சாஹிப் என்ற அவருடைய புகழ்பெற்ற பாடலில், மனம் சந்தேகத்தால் அழுக்காகியிருக்கிறது, அதைக் குருவின் சொல்லைப் பற்றிக்கொண்டு கழுவு என்று வருகிறது. தண்ணீரால் கழுவு என்று வரவில்லை. இந்த இரண்டு தரப்பும் அதே படிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்கலாம். கணக்கு வைக்காமல் ஒரே ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிட்டு ஏறி வருகிறவர்களும் நிறையப் பேர்.

லங்கர் இங்கேதான் தொடங்கியதா?

லங்கர் என்பது குருத்வாராவில் எல்லோருக்கும் போடும் பொதுப் பந்தி. அது இங்கே தொடங்கியது இல்லை. தொடங்கியவர் குரு நானக். கதூரில் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி நடத்திய லங்கரில் நெய் விட்ட பாயசம் கிடைத்தது என்று குரு கிரந்த் சாஹிபிலேயே வருகிறது. கோயிந்த்வாலில் நடந்தது வேறு, இங்கே அது சட்டமாகியது. முதலில் பந்தி, பிறகுதான் சபை: பஞ்சாபியில் "பெஹலே பங்கத், பிச்சே சங்கத்". குருவைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாராமல் சாப்பிட வேண்டும்.

இதை விருந்தோம்பல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் கைநழுவிப்போகும். ஒரே பந்தியில் உட்கார மறுக்கிறவனுக்கு எந்த உபதேசமும் உள்ளே போகாது என்பதுதான் அந்த விதியின் பொருள். சமத்துவம் பேசுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு வந்து இவன் பக்கத்தில் உட்கார், அதற்கப்புறம் பேசலாம் என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னவர்கள் குறைவு. வந்தவர்களுக்கு நெய்ச் சோறு போட்டுவிட்டு, குரு மட்டும் உப்பில்லாத கஞ்சி போன்ற ஒன்றைத்தான் சாப்பிட்டார், மறுநாளைக்கென்று எதையும் மிச்சம் வைக்க மாட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

மேல்சாதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தர்மத்தைக் கெடுக்கிறார் என்று லாகூரில் அக்பரிடமே புகார் கொண்டுபோனார்கள். குரு சார்பில் போய்ப் பதில் சொன்னவர் மருமகன் ஜேட்டா. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அக்பர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாராமே?

சீக்கிய மரபு அப்படிச் சொல்கிறது. பாதுஷா என்று தனி இருக்கை போடவில்லை, அவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பிறகு லங்கர் செலவுக்கு நிலம் தர முன்வந்தார், குரு வாங்க மறுத்தார், கடைசியில் குருவின் மகள் பீபீ பானி பெயரில் தந்தார் என்பது கதை.

முகலாயர் பக்கத்து எழுத்தில் தெளிவாகப் பதிவாகியிருப்பது பின்னால் நடந்த ஒரு சந்திப்பு. 1598-ல் அக்பர் கோயிந்த்வாலில் ஐந்தாவது குரு அர்ஜனின் வீட்டுக்குப் போனதை அக்பர்நாமா சொல்கிறது. பேரரசர் இந்த ஊர் வழியாக வந்ததில் ஆச்சரியம் இல்லை, அவர் பாதையில்தான் படகுத்துறை இருந்தது.

பெண்கள் விஷயத்தில் இந்த ஊர் முக்கியம் என்கிறார்கள், ஏன்?

கணவனின் பிணத்தோடு எரிகிறவர்கள் சதி அல்ல, பிரிவின் அதிர்ச்சியிலேயே உயிர் விடுகிறவர்கள்தான் சதி என்று குரு அமர் தாஸ் பாடினார். அடுத்த வரியிலேயே, நல்லொழுக்கத்தோடும் நிறைவோடும் வாழ்கிறவர்களும் சதிதான் என்கிறார். உடன்கட்டையைச் சட்டம் தடுத்தது 1829-ல் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வேகம் புரியும். முக்காடு போட்டு முகம் மறைத்துக்கொண்டு சபைக்கு வரக் கூடாது என்றும் சொன்னார். ஹரிப்பூர் ராஜா தன் ராணிகளோடு வந்தபோது அவர்களுக்கும் அதே விதி.

தொடக்கத்தில் சொன்ன போதனை அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமயப் பணிக்காக அவர் 22 வட்டாரங்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை நியமித்தார். மஞ்சி என்று பெயர், கட்டில் என்று பொருள், போதிப்பவர் உட்காரும் இடம்.

வைசாகிக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

வைசாகி என்பது ஏப்ரல் நடுவில் வரும் பஞ்சாபி அறுவடைத் திருநாள். அன்று சீக்கியர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடும் வழக்கம் கோயிந்த்வாலில் தொடங்கியது. பாய் பாரோ என்ற சீடர் யோசனை சொன்னார், குரு ஏற்றுக்கொண்டார். தீபாவளிக்கும் கூடினார்கள். பிற்பாடு 1699-ல் பத்தாவது குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூரில் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பை நிறுவ வைசாகியைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த நாளில் கூட்டம் தானாகச் சேரும் பழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்தது.

பொற்கோயிலுக்கு இங்கேதான் ஏற்பாடு நடந்ததா?

ஆமாம். லாகூரில் பிறந்து சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த ஜேட்டா, பாட்டியோடு பாசர்கே வந்தார். பிறகு கோயிந்த்வாலுக்கு. அவித்த கொண்டைக்கடலை விற்றுப் பிழைத்தவர். பாவ்லி வெட்டும் வேலையில் மண் சுமந்தார். குருவின் மகள் பீபீ பானியைக் கல்யாணம் செய்துகொண்டு மருமகனான பிறகும் மண் கூடையை விடவில்லை.

அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்க குரு அமர் தாஸ் தன் இரண்டு மருமகன்களையும் மேடை கட்டச் சொன்னார். கட்டியதை இடித்துவிட்டு மறுபடி கட்டு என்றார். மூத்த மருமகன் ராமா சில தடவைக்குப் பிறகு, குருவுக்கு வயதாகிவிட்டது, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் பேசுகிறார் என்று முணுமுணுத்தார். ஜேட்டா ஏழு தடவையும் இடித்துக் கட்டினார், ஒவ்வொரு தடவையும் தவறு என்னுடையது என்றார். அவர்தான் நான்காவது குரு ராம் தாஸ். மாமனார் சொன்னபடி அவர் வேறொரு இடத்தில் குளம் வெட்டிக் குடியிருப்பை உண்டாக்கினார். அந்தக் குடியிருப்புதான் அமிர்தசரஸ்.

குரு ராம் தாஸின் மகன் அர்ஜன் 1563-ல் கோயிந்த்வாலில் பிறந்தவர். அமிர்தசரஸ் குளத்துக்கு நடுவே கோயில் கட்டியவர் அவர்தான். ஒரு குருவுக்கு மகள், ஒரு குருவுக்கு மனைவி, ஒரு குருவுக்குத் தாய் என்று மூன்று உறவும் பீபீ பானிக்கு மட்டும் வாய்த்தது.

சௌபாரா சாஹிபில் என்ன பார்க்கலாம்?

குருவும் குடும்பமும் வாழ்ந்த வீடு இது, பாவ்லியிலிருந்து நடந்தே போகலாம். கூட்டம் பாவ்லியோடு திரும்பிவிடுவதால் இங்கே அமைதியாக நின்று பார்க்க முடியும். முதுமையில் நின்றபடி தியானம் செய்யும்போது குரு அமர் தாஸ் பிடித்துக்கொண்ட சுவர் முளை இருக்கிறது, இப்போது அதற்கு வெள்ளிக் கவசம். குழந்தை அர்ஜன் பிடித்துக்கொண்டு நின்ற தூண் இருக்கிறது. குரு அமர் தாஸும் குரு ராம் தாஸும் உயிர் நீத்த இடமும் இங்கேதான்.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது ஒரு பல்லக்கு. அதன் கதை: குரு நானக் முதல் குருமார்களின் பாடல்களை எழுதிய சுவடிகள் குரு அமர் தாஸின் மூத்த மகன் மோஹனிடம் இருந்தன. மருமகனுக்குப் பீடம் போனதில் அவருக்கு வருத்தம். தம்பி மோஹ்ரி ஏற்றுக்கொண்டுவிட்டார், மோஹன் மாடியறையை விட்டு இறங்கவில்லை. வேதத்தைத் தொகுக்க வேண்டும் என்று குரு அர்ஜன் ஆள் அனுப்பினார், கதவு திறக்கவில்லை. கடைசியில் அவரே வந்து, கீழே தெருவில் உட்கார்ந்து, மாடியைப் பார்த்துப் பாடினார். மோஹனா, உன் மாளிகை உயரமானது என்று தொடங்கும் பாடல் அது. மாமனைப் பாடுகிறாரா, இறைவனைப் பாடுகிறாரா என்று பிரிக்க முடியாதபடி போகும். மோஹன் இறங்கி வந்து சுவடிகளைக் கொடுத்தார். அவற்றைப் பல்லக்கில் ஏற்றி, குரு செருப்பில்லாமல் கூடவே நடந்து அமிர்தசரஸுக்குக் கொண்டுபோனார். 1604-ல் தொகுப்பு முடிந்தது. இப்போது தெரிய வந்திருக்கும் இரண்டு மோஹன் சுவடிகள் குரு அமர் தாஸின் பல்லா வம்சத்தாரிடம் இருக்கின்றன. தொகுப்புக்கு அவை எந்த அளவுக்குப் பயன்பட்டன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஜஹாங்கீர் இந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார், கோபத்தோடு. பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள கோயிந்த்வாலில் அர்ஜன் என்று ஒருவர் இருந்தார், ஏராளமானவர்கள் அவர் பின்னால் போகிறார்கள், இந்தக் கடையை மூட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன் என்பது அவர் நினைவுக் குறிப்பில் வருவதன் சாரம். 1606-ல் மகன் குஸ்ரோ கலகம் செய்து இந்த வழியாக ஓடியபோது குரு அவனை வாழ்த்தி நெற்றியில் திலகமிட்டார் என்பது குற்றச்சாட்டு. குரு அர்ஜன் லாகூரில் சித்திரவதை செய்யப்பட்டு உயிர் நீத்தார். சீக்கியர்களின் முதல் தியாகி அவர்.

1658-ல் அதே துறைக்கு இன்னொரு முகலாய இளவரசர் வந்தார். ஔரங்கசீப்பிடமிருந்து தப்பி ஓடிய தாரா ஷிகோ. ஏழாவது குரு ஹர் ராய் அவரை இங்கே சந்தித்தார், துரத்தி வரும் படை ஆற்றைக் கடக்காமல் இருக்கத் துறையை மறித்து நின்றார் என்று மரபு சொல்கிறது.

ஆனந்த் சாஹிப் எதற்காக இவ்வளவு பாடப்படுகிறது?

கல்யாணம், பெயர் வைப்பு, சாவு வீடு எதுவானாலும் முடிவில் ஆனந்த் சாஹிப் உண்டு. மொத்தம் 40 பத்திகள், சடங்குகளில் முதல் ஐந்தும் கடைசியும் பாடுவார்கள். சாவுக்கும் ஆனந்தமா என்று நமக்குத் தோன்றும். அதற்குப் பதில் குரு கிரந்த் சாஹிபில் ஆனந்துக்கு அடுத்தே வைக்கப்பட்டிருக்கும் சத் என்ற சின்னப் பாடலில் இருக்கிறது. குரு அமர் தாஸின் கடைசி நேரத்தை அவருடைய கொள்ளுப்பேரன் சுந்தர் பாடியது. எனக்காக யாரும் அழ வேண்டாம், நான் போன பிறகு இறைவன் பாடலைப் பாடுங்கள் என்று குரு எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறார். 95 வயதுக் கிழவர் குடும்பத்தாரிடம் விடைபெறுவது அவ்வளவு நேராகப் பாட்டில் வந்திருக்கிறது.

சீக்கியர் அல்லாதவர்கள் உள்ளே போகலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம், யாரும் எந்த ஊர், என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். ஆணோ பெண்ணோ தலையை மூட வேண்டும். துப்பட்டா, துண்டு, பெரிய கைக்குட்டை எதுவும் சரி, தொப்பி வேண்டாம். செருப்பை ஜோடா கர் என்ற இடத்தில் கொடுத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு நுழையுங்கள். பீடி, சிகரெட், புகையிலை சட்டைப் பையில்கூட இருக்கக் கூடாது. இதில் சீக்கியர்கள் கண்டிப்பானவர்கள். கிரந்தம் இருக்கும் பக்கம் காலை நீட்டாதீர்கள். கடா பிரசாத் என்ற நெய் வழியும் கோதுமை அல்வாவை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். போட்டோ எடுப்பதாக இருந்தால் சேவாதார் என்ற தொண்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

சாப்பாடு, தங்குமிடம்?

லங்கர் சைவம், இலவசம். தரையில் வரிசையாக உட்கார்ந்தால் தட்டு வரும், ரொட்டி, பருப்பு, காய், பல நாட்களில் பாயசமும். ரொட்டியை அவர்கள் பர்ஷாதா என்பார்கள், அதையும் இரண்டு கையால் வாங்க வேண்டும். வேண்டிய மட்டும் வாங்குங்கள், எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள், மிச்சம் வைப்பதுதான் தப்பு. சாப்பிட்டு முடித்ததும் ஓடாமல் கொஞ்ச நேரம் பூண்டு உரிக்கவோ தட்டு கழுவவோ உட்கார்ந்து பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் யாரோ ஒரு பாட்டி பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்து, கத்தியையும் கையில் கொடுத்துவிடுவார்.

யாத்ரிகர்கள் தங்க குருத்வாராவின் சராய், அதாவது சத்திரம், உண்டு. நிர்வாகம் அமிர்தசரஸைத் தலைமையிடமாகக் கொண்ட சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியுடையது. ஹிந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும்.

எப்போது போவது நல்லது?

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் வண்டிகள் தாமதமாகும். மே, ஜூன் வெயில் நமக்கே தாங்காது. குரு அமர் தாஸின் நினைவு நாளையொட்டிச் செப்டம்பர் வாக்கில் ஜோட் மேளா என்ற பெரிய திருவிழா நடக்கும், 2024-ல் 450-ஆம் ஆண்டு என்பதால் விசேஷமாகக் கொண்டாடினார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போகலாம், படியில் நிதானமாக உட்கார வேண்டும் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

இன்றைய ஊர் எப்படி இருக்கிறது?

கடைத்தெரு, சராய், கோதுமையும் நெல்லும் விளையும் வயல்கள், கொஞ்சம் தொழிற்சாலைகள். பக்கத்தில் 540 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று தனியாரிடம் இருந்தது, 2024-ல் பஞ்சாப் அரசு அதை வாங்கி குரு அமர் தாஸ் பெயர் வைத்தது. பியாஸின் இந்தப் பகுதி 2017-ல் பாதுகாக்கப்பட்ட ஆற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சிந்து ஆற்று டால்பின் இந்தியாவில் மிச்சம் இருப்பது இந்த ஆற்றில்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சாதியை வாசலிலேயே கேள்வி கேட்ட இந்த மண்ணில், பஞ்சாப் கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாராவும் சாதிக்கொரு சுடுகாடும் இன்றும் இருக்கின்றன. அதை எதிர்த்துப் பேசும் சீக்கியர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது கோயிந்த்வாலின் பந்தியையும் கிணற்றையும்தான்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

கதூர் சாஹிப் சுமார் எட்டு கி.மீ. தூரத்தில் இருக்கிறது. குரு அமர் தாஸ் குடம் சுமந்து நடந்த வழி அது, காலையில் முதலில் அங்கே போவது நல்லது. தரன் தாரனில் குரு அர்ஜன் வெட்டிய பெரிய சரோவர் என்ற திருக்குளம் திரும்பும் வழியிலேயே வருகிறது. பாலம் தாண்டி கபூர்தலா மாவட்டப் பக்கம் போனால் சுல்தான்பூர் லோதி, குரு நானக் இளமையில் நவாபின் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஊர். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். கதூர், கோயிந்த்வால் முதல் நாள், ராத்திரி சராயில் தங்கல், மறுநாள் விடியற்காலை பாவ்லிக்கு இன்னொரு தடவை, பிறகு சுல்தான்பூர். அமிர்தசரஸை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.